வன்னியில் தூண்டில் தடியோடு ஐந்து மாரி

ஒன்பதடித் தடியும் ஐயாயிரம் அளவு ரீலும் வாங்கிய கையோடு நான் ஓடியது இரணைமடுவுக்கு. பெரிய குளம், அதனால் பெரிய மீன் என்று என் கணக்கு. கனகராயன் ஆறு நிரப்பிவிட்ட அத்தனை தண்ணீரிலும் எனக்குப் பட்டது உள்ளங்கை அகலத் திலாப்பியா. அலைகரையில் புல்லும் தாமரையும் மண்டிய இடத்தில் ரப்பர் தவளையைத் துள்ளவிட்டால் விரால் அடிக்கும். இரண்டு கிலோ விரால் தாமரைத் தண்டுக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது பெரும் பாடுதான். வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் இதே கதை. தடி வில்லாய் வளைய வேண்டுமென்றால் உப்புத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் நாயாற்றுத் தொடுவாய், அதாவது முல்லைத்தீவுப் பக்கம் நாயாற்றுக் களப்பு கடலோடு சேரும் வாய். அதுவும் வருஷத்தில் சில கிழமைகள் மட்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் திட்டி களப்பைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும். அப்போது போனால் வெயில்தான் மிச்சம். வடகிழக்கு வாடை பிறந்து, மழை கொட்டி, களப்பு நிறைந்து திட்டி உடைத்துக்கொள்ளும்போது கலங்கல் தண்ணீர் கடலுக்குப் பாயும். திரளிக் குஞ்சும் இறாலும் அதோடு அள்ளுண்டு வரும். அதைத் தின்னக் கொடுவா வாயிலேயே நிற்கும், அலை முறியும் இடத்தில் பாரை சுற்றும். கலங்கலும் தெளிவும் சேரும் கோடு கண்ணுக்கே தெரியும்.

முதல் இரண்டு மாரியும் அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் எறியலாம் என்று பார்த்தே வீணாக்கினேன். வீச்சுவலையோடு நின்ற பெரியவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "தம்பி, மீன் உம்மட காலுக்குள்ள நிக்குது. நீர் ஏன் கப்பலுக்கு எறியிறீர்?" என்றார். கரையோரமாகவே இழுத்துப் பார்த்தேன். பொழுது சாயும் நேரம் ஆறு கிலோ கொடுவா ஒன்று தலையை உதறிக்கொண்டு தண்ணீருக்கு மேலே பாய்ந்தது. எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. நாற்பது இறாத்தல் தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூலின் நுனியில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், தடித்த தங்கூசியை (நைலோன் நரம்பை) முடிந்துவிடாவிட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். கூரிய பல்லுள்ள சீலா வந்தால் அதுவும் நிற்காது, கம்பி வேண்டும். ரீலைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல்: டவுன் கடையொன்றில் 'கடலுக்கென்றே செய்தது' என்று சொல்லித் தந்தார்கள், இரண்டாம் மாரியிலேயே இறுகிப்போனது. திருப்பிக் கொண்டுபோனால், உப்புத் தண்ணீர் பட்டால் உத்தரவாதம் இல்லையாம்! இப்போது இருப்பதை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவித் துடைக்கிறேன். மூன்று வருஷமாகப் பிழைத்துக் கிடக்கிறது.

அவுஸ்திரேலியாவில், டார்வினில் இருக்கும் மச்சான் கொடுவாவைப் பரமண்டி என்கிறான். அங்கே வட பிரதேசத்தில் 55 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். 2015 முதல், அடையாளப் பட்டி குத்தி விட்ட மீனைப் பிடிப்பவருக்குப் பத்து லட்சம் டொலர் வரை பரிசும் உண்டு. நமக்கு அந்தப் பரிசு இல்லை, ஆனாலும் அளவுக் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். கொடுவா ஆணாக முதிர்ந்து, வளர வளரப் பெண்ணாக மாறுகிற மீன். மிகப் பெரியது அநேகமாகத் தாய்தான், அதையும் விட்டுவிடுவேன். "பிடிச்சதை விட்டுட்டு வந்து சந்தையில மீன் வாங்கிறியள்" என்று வீட்டில் ஏச்சு.

நந்திக்கடல் களப்பின் வட்டுவாகல் பாலம் போய்வர வசதி, ஆனால் இறால் பிடிப்பவர்களின் வலைகளுக்கு நடுவே தடி வீசுவது வம்பு. அவர்களுக்கு அது சோறு, நமக்கு விளையாட்டு. நந்திக்கடலும் நாயாறும் 2017 இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டவை. ஆகவே வனசீவராசிகள் அலுவலகத்திலும் கரையில் வாடி (குடில்) போட்டிருக்கும் மீனவரிடமும் கேட்காமல் இறங்காதீர்கள். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, அங்கே தடியே கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், முதலை. பொழுதுபட்டபின் களப்புப் பக்கம் முழங்கால் தண்ணீரில்கூட நிற்காதீர்கள். உடைந்த திட்டியின் விளிம்பும் ஆபத்து: மணல் அடியில் அரித்திருக்கும், சொல்லாமல் சரியும். போன மாரி எனக்கு அப்படி ஒரு செருப்பும் இரைப் பெட்டியும் போயின. பெட்டி மட்டும் இரண்டு நாள் கழித்து அளம்பில் கரையில் ஒருவர் கையில் கிடைத்தது. உள்ளே இரண்டு இரை குறைந்திருந்தது, நான் கேட்கவில்லை.