பழைய ஜீப்புக்கு பவர் ஸ்டீயரிங்: ஹைட்ராலிக்கா, எலக்ட்ரிக்கா, இருப்பதே போதுமா?

பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப்பில் 31 இஞ்ச் டயரை மாட்டி, காற்றையும் குறைத்துக்கொண்டு கல்லுப் பாதையில் இறங்கினால் சாயங்காலத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அப்புறம்தான் பவர் ஸ்டீயரிங் ஆசை வருகிறது. பட்டறையில் கேட்டால் மூன்று வழி சொல்வார்கள்: காயலான் கடையிலிருந்து வேறு வண்டியின் ஹைட்ராலிக் பாக்ஸ் (ஆயில் அழுத்தத்தால் உதவும் ஸ்டீயரிங் கியர் பெட்டி), ஆல்டோ, வேகன்ஆர் போன்ற சின்னக் காரின் எலக்ட்ரிக் காலம் (column, மோட்டார் பொருத்திய ஸ்டீயரிங் தண்டு), அல்லது இருக்கிற பாக்ஸையே பிரித்துச் சரிசெய்வது. நான் ஹைட்ராலிக் பக்கம் போனவன். ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு இல்லை.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடுகிறேன். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங் இறுகிப்போய், கிரீஸ் காய்ந்து, இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்ட் தேய்ந்த வண்டியைத்தான் பாதிப் பேர் ‘ஹார்டு ஸ்டீயரிங்’ என்கிறார்கள். அவற்றை மாற்றி, டயரையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் பலருக்கு அதுவே போதும். கல்லில் சக்கரம் மோதும்போது ஸ்டீயரிங் உதறும் என்பதால் கட்டை விரலை மட்டும் வளையத்துக்கு வெளியே வைக்கப் பழக வேண்டும்.

மற்ற இரண்டில் விலை, வேலை நாள் எல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: கூடுதல் விசை எந்த இடத்தில் சேர்கிறது?

எலக்ட்ரிக் காலத்தில் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. கை தரும் விசையும் மோட்டார் தரும் விசையும் ஒன்றாகச் சேர்ந்து ஷாஃப்ட் வழியாக, கிராஸ் (மடங்கும் இணைப்பு) வழியாக, பழைய பாக்ஸின் வார்ம் (திருகுப் பல்) வரை போகின்றன. கை விசைக்கென்று செய்த பாக்ஸ் அது. அதைவிட முக்கியம், கார் ஷாஃப்டும் ஜீப் ஷாஃப்டும் சேரும் இணைப்பு. பெரும்பாலும் இரண்டையும் அறுத்து, லேத்தில் ஒரு ஸ்லீவ் கடைந்து, சுற்றி வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பின் தன்மை மாறிவிடும். முறுக்கு முன்னும் பின்னுமாக விழ விழ அங்கேதான் விரிசல் பிறக்கும். அந்த இணைப்பு விட்டுப்போனால் ஸ்டீயரிங் கையில் சும்மா சுற்றும், சக்கரம் தன் போக்கில் போகும்.

ஹைட்ராலிக்கில் ஆயிலின் அழுத்தம் பாக்ஸுக்குள்ளேயே வேலை செய்கிறது. அதற்கு மேலே இருக்கும் ஷாஃப்டில் கை விசை மட்டும்தான். இதிலும் இணைப்பு ஒன்று தேவைதான், ஆனால் அதன் மேல் விழும் பாரம் குறைவு. என் வண்டியில் இரண்டு பக்கமும் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் முனையிலுள்ள பல்வரி) பொருந்துகிற கிராஸைத் தேடிப் பிடித்து மாட்டினேன், வெல்டிங் இல்லை. அதைத் தேட ஆன நேரம்தான் மொத்த வேலையிலும் பெரிய பங்கு.

அதற்காக ஹைட்ராலிக் சாது என்று சொல்ல முடியாது. பாக்ஸ் எவ்வளவு பலமாகச் சக்கரத்தைத் தள்ளுகிறதோ அவ்வளவு பலமாகச் சேசிஸையும் எதிர்ப்பக்கம் தள்ளும். எம்எம்540 போன்ற சிஜே வகை ஜீப்புகளில் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸ் வெடிப்பது பழைய நோய். வெறும் பிளேட்டை ஒட்டினால் போதாது. சேசிஸின் நீளச் சட்டமான ரெயிலை உள்ளே பெட்டியடைத்து, போல்ட் போகும் துளையில் குழாய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்க இறுக்க ரெயில் நசுங்கும். பிரஷர் ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கமே போகக் கூடாது, அந்த ஆயில் தீப்பிடிக்கும். ஓடையில் பெல்ட் வழுக்கினாலோ இன்ஜின் நின்றாலோ ஸ்டீயரிங் சட்டென்று கனக்கும். கனத்தாலும் திரும்பும்.

பராமரிப்பிலும் இதே கணக்குதான். சேசிஸ் விரிசல் பெரும்பாலும் பெயின்டில் மெல்லிய துருக் கோடாக முதலில் தலைகாட்டும். டார்ச்சோடு கீழே படுத்தால் தெரியும். ஸ்லீவுக்குள் ஒளிந்திருக்கும் விரிசலை அப்படிப் பார்க்க முடியாது. நான் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து கீழே இறங்கும் கை) நட், ஸ்பிலிட் பின் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிடுவேன். பவர் வந்த பிறகு இது இன்னும் அவசியம். மேனுவலில் கைக்குத் தெரிந்த ப்ளே (தளர்வு) இப்போது தெரிவதில்லை.

லிஃப்ட் போட்டு வண்டியை உயர்த்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராப் ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்தால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பும். அதைச் சரிக்கட்ட டிராப் ஆர்மைக் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பார்கள். எந்த ஸ்டீயரிங் வைத்திருந்தாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ச்சிய இடத்தில் ஃபோர்ஜிங்கின் (அடித்து உருவாக்கிய இரும்பின்) பலம் போய்விடும்.

சட்டம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தோண்டுவதும் இதைத்தான்.

எலக்ட்ரிக்கை நண்பரின் மாருதி ஜிப்சியில் கொஞ்சம் ஓட்டிய அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம். ஊருக்குள் சுகமாகவே இருந்தது. கம்பெனி அளவு டயரோடு பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடும் ஜிப்சிக்கு அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியை எடுக்கும் முன் ஷாஃப்ட் இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங்கின் மேல் பெயின்ட் பூசியிருந்தால் சாவியை வாங்காதீர்கள்.