கோயிலா, பண்ணை வீடா? சதுர மண்மேடுகளின் வழக்கு

தெற்கு ஜெர்மனியின் காடுகளிலும் வயல்களிலும் நூற்றுக்கணக்கான நாற்கர மண்மேடுகள் கிடக்கின்றன: சுற்றிலும் கரை, அதற்கு வெளியே அகழி. ‘ஃபீரெக்‌ஷான்சே’ என்பார்கள். கட்டியவர்கள் கெல்டியர்கள், ரோமானியர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள். ஜெர்மானியப் பழங்குடிகளின் பெயரை ஒட்டிவிட வேண்டாம்.

இவை எதற்கு? வழிபாட்டிடம் என்பது ஒரு கட்சி, பண்ணை வீடு என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குப் பலம் தந்தது பவேரியாவின் ஹோல்ட்ஸ்ஹவுசன். தொல்லியலாளர் கிளவுஸ் ஷ்வார்ட்ஸ் 1957 முதல் 1963 வரை அங்கே தோண்டி, மூன்று ஆழ்குழிகளைக் கண்டார். ஒன்று ஏறத்தாழ 35 மீட்டர். ஒரு குழியின் அடியில் மரக்கம்பம், அதைச் சுற்றி உயிர்ப்பொருள் எச்சம். பலியிட்ட ரத்தமும் இறைச்சியும் என்று வாசித்தார்கள். கேட்கவே சிலிர்க்கும் கதை. பல காலம் அதுவே நிலைத்தது.

பிறகு ஷ்டுட்கார்ட் அருகே ஃபெல்பாக்-ஷ்மீடன். அங்கும் ஆழமான குழி; ஆனால் மரச்சட்டம் அடித்த கிணறு! வாளியின் பாகங்களும் கிடைத்தன. மானும் ஆடுமாக அழகிய மரச்சிற்பங்கள் கிணற்றுக்குள் விழுந்து கிடந்தன என்பதால், சமயக் கட்சியும் முழுதாகத் தோற்கவில்லை. போப்ஃபிங்கன் என்ற இன்னோர் இடத்திலோ மண்மேடு ஒரு குடியிருப்பின் நடுவிலேயே இருந்தது.

என் ஓட்டு பண்ணை வீட்டுக்கே. தண்ணீருக்குத் தோண்டிய குழியைத் தெய்வத்துக்குத் தோண்டியதாகச் சொல்ல, கம்பமும் கறையும் மட்டும் போதாது. வீட்டு முற்றத்தில் சாமி கும்பிட்டிருக்கலாம், அது வேறு.