குவானாஹுவாத்தோவில் தெருக்குடைக்காரர்களிடம் சுற்றுலாச் சீட்டு வாங்காதீர்கள்

மெக்சிகோவின் குவானாஹுவாத்தோ நகருக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாங்கள் பட்டது போதும்.

வேலைக்காக நான் குவெரெத்தாரோவில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மெக்சிகோவில் அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு கட்டடத்தைத்தான்: குவானாஹுவாத்தோவில் இருக்கும் அலோந்திகா தே கிரனாதித்தாஸ். தானியக் கிடங்காகக் கட்டியது. 1810 செப்டம்பர் 28 அன்று, ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய பாதிரியார் இதால்கோவின் படை நகருக்குள் வந்தபோது ஸ்பானியர்கள் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே ஊர்ந்து போய் அந்தக் கதவுக்குத் தீ வைத்தான் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. மறு வருடமே ஸ்பானியர்கள் இதால்கோ, அவருடைய தோழர்கள் அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் நால்வரையும் சுட்டுக் கொன்று, தலைகளை இரும்புக் கூண்டுகளில் வைத்து அதே கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன.

நாங்கள் போனது ஒரு திங்கட்கிழமை. ஊர் முழுக்க ஏற்ற இறக்கமான சந்துகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஹுவாரெஸ் நாடக அரங்குக்கு எதிரே ஒருவர் ‘சுற்றுலாத் தகவல்’ என்று எழுதிய குடையின் கீழே, கழுத்தில் அட்டையோடு நின்றார். அரசாங்க ஆள் என்றே நினைத்துவிட்டோம். ஆளுக்கு 450 பெசோ, வேனில் போகலாம், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, எல்லா நுழைவுக் கட்டணமும் சேர்த்து என்றார். அவர் கொடுத்த தாளில் முதல் படமே அலோந்திகாதான். அப்பாவின் இந்திய அட்டையில் பணம் கட்டினோம். பெசோவா ரூபாயா என்று இயந்திரம் கேட்டது. அவரே ரூபாயை அழுத்திவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினார். வங்கிக் கணக்கில் எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. யார் என்ன சொன்னாலும் பெசோவையே நீங்களே அழுத்துங்கள்.

வழிகாட்டிக்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. வலென்சியானா மேட்டில் வெள்ளிச் சுரங்கப் பணத்தில் கட்டிய சான் கயெத்தானோ கோயில் இருக்கிறது. உள்ளே தங்க முலாம் பூசிய மூன்று பீடங்கள், மணிக்கணக்கில் பார்க்கலாம். எங்களுக்கு வெளியே நின்று படம் எடுக்க ஐந்து நிமிடம். அப்புறம் ஒரு மிட்டாய்க் கடை. அப்புறம் ஒரு வெள்ளிக் கடையில் ஐம்பது நிமிடம். மம்மி அருங்காட்சியகத்தில், கட்டணம் தனி என்றார்கள். கல்லறை வரி கட்ட முடியாத குடும்பங்களின் பிணங்களைத் தோண்டியெடுத்து வைத்த இடம் அது. அம்மா வரமாட்டேன் என்று வேனிலேயே இருந்துவிட்டார்.

கடைசியாக அலோந்திகா. கதவு பூட்டிக் கிடந்தது. “லூனெஸ், செர்ராதோ,” என்றார் வழிகாட்டி. திங்கட்கிழமை, விடுமுறை. தினமும் அந்தத் தெருவில் நிற்பவருக்கு இது தெரியாமலா விற்றார்? அங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. எங்களுக்குத் தெரியாது. “சரி விடும்மா,” என்று சொல்லிவிட்டு அப்பா கட்டடத்தைச் சுற்றி நடந்து, நான்கு மூலைகளிலும் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எனக்குத்தான் ஆறவில்லை.

திரும்பி வந்தபோது குடையும் இல்லை, ஆளும் இல்லை. நகராட்சிச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனோம். பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால் எங்கள் ரசீதில் நிறுவனத்தின் பெயரோ வரி எண்ணோ இல்லை. யார் மேல் புகார் எழுதுவது? பதிவுபெற்ற வழிகாட்டியிடம் சுற்றுலா அமைச்சகம் கொடுத்த படம் போட்ட அடையாள அட்டை இருக்கும், அதைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த வெள்ளிக் கடையில் அம்மாவுக்கு 2,400 பெசோவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கியிருந்தோம். மூன்று வாரத்தில் கை பச்சையாகிவிட்டது. ஊரில் ஆசாரி உரசிப் பார்த்துவிட்டு, “இதுல வெள்ளியே இல்லம்மா,” என்றாராம். மெக்சிகோவில் அல்பாக்கா என்று ஓர் உலோகம் விற்கிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, பார்வைக்கு வெள்ளி மாதிரியே இருக்கும். 92.5 சதவீதம் வெள்ளி என்பதைக் காட்டும் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வளையலிலும் முத்திரை இருந்தது, அதனால் அது மட்டும் போதாது. ‘925 வெள்ளி’ என்று எழுதி, கடைப் பெயரோடு ரசீது தர மறுத்தால் வாங்காதீர்கள்.

உண்மையில் அந்த ஊருக்கு வேன் தேவையே இல்லை. நாடக அரங்குக்குப் பின்னாலிருந்தே பிப்பிலா சிலைக்கு இழுவை ரயில் போகிறது, முழங்கால் வலிக்காரர்களும் ஏறலாம். மேலே நின்றால் நகரம் முழுவதும் காலடியில் தெரியும். வலென்சியானாவுக்கு நகரப் பேருந்து உண்டு. திங்களை மட்டும் தவிருங்கள்.

அப்பா அம்மா ஊருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். அலோந்திகாவின் படிக்கட்டுச் சுவர்களில் சாவேஸ் மொராதோ வரைந்திருக்கும் ஓவியங்களை வீடியோ அழைப்பில் காட்டினேன். எனக்குக் காலை பதினொன்றரை, அங்கே இரவு பதினொன்று. “கொஞ்சம் இடப்பக்கம் காட்டும்மா,” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். தூங்கப் போகவே இல்லை.