லமாஸ் மூச்சா, பிராட்லி மூச்சா: பிரசவ வலிக்கு எது துணை?

மருந்தின் துணையின்றிப் பிரசவ வலியைத் தாங்க விரும்பும் கர்ப்பிணிகளுக்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் மூச்சுப் பயிற்சிகளில் லமாஸ், பிராட்லி என்னும் இரண்டும் முக்கியமானவை.

பிரெஞ்சு மகப்பேறு மருத்துவரான பெர்னாண்ட் லமாஸ், ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் பழக்கப்படுத்தல் கோட்பாட்டைத் தழுவிய பிரசவப் பயிற்சியை 1951இல் சோவியத் ஒன்றியத்தில் நேரில் கண்டு, அதைப் பாரிஸில் நடைமுறைப்படுத்தினார். பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, எண்ணி எண்ணி மூச்சு விடுவதில் மனம் ஈடுபட்டுவிட்டால் வலியுணர்வு பின்னுக்குப் போகும் என்பதே அதன் அடிப்படை. தொடக்கத்தில் மெதுவான மூச்சும், வலி கடுமையாகும்போது ‘ஹீ ஹீ ஹூ’ என்னும் மேலோட்டமான விரைவு மூச்சும் பழக்கப்படுத்தப்பட்டன. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பிராட்லியோ, உறங்குபவரைப் போல வயிறு ஏறி இறங்க ஆழமாக மூச்சுவிட்டு, உடலை முழுவதும் தளர்த்தச் சொன்னார். 1965இல் வெளியிட்ட நூலில் கணவரையே பயிற்றுநராக முன்னிறுத்தினார்.

பிரசவத்தின் பெரும்பகுதிக்குப் பிராட்லியின் மெதுவான மூச்சே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. முதல் பிரசவத்தில் கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகும், முழுமையாகத் திறக்கப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரமும் விரைவு மூச்சு விட்டால் வாய் உலர்ந்து உடல் களைப்பதோடு, இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடு மரக்கும், விரல்கள் குறுகுறுக்கும். அப்படி நேர்ந்தால் உடனே வேகத்தைக் குறைத்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீட்ட வேண்டும்.

ஆனால் ஒரு கட்டத்தில் லமாஸே கைகொடுக்கும். கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் முன்பே முக்க வேண்டும்போல் தோன்றி, மருத்துவரோ செவிலியரோ பொறுத்திருக்கச் சொல்லும் சில நிமிடங்களில், உதட்டைக் குவித்து ஊதும் குறுகிய மூச்சுகள் முக்கும் உந்துதலை அடக்க உதவும்; ஆழ்ந்த மூச்சு அப்போது வசப்படுவது கடினம்.

குழந்தை வெளிவரும் கட்டத்தில், மூச்சை அடக்கி எண்ணிக்கைக்கு ஏற்ப முக்கும் பழைய பழக்கத்தைவிட, தாய் தன் உடலின் உந்துதலைப் பின்பற்றுவதையே உலக சுகாதார அமைப்பின் 2018 வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது. இன்றைய லமாஸ் வகுப்புகளும் குறிப்பிட்ட மூச்சு வரிசையைக் கட்டாயமாக்குவதில்லை.

பிராட்லி முறையில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, மருந்தைத் தவிர்ப்பதற்கு அது கொடுக்கும் அழுத்தம். மூச்சுப் பயிற்சி வலியைத் தாங்கத் துணை செய்யுமே தவிர, அதை முற்றிலும் நீக்காது. எனவே, நடுவில் எபிட்யூரல் (முதுகுத்தண்டுப் பகுதியில் செலுத்தும் வலி மரப்பு மருந்து) கேட்கும் பெண்ணைத் தோற்றவளாக உணரச் செய்யும் வகுப்பு எதுவானாலும், அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.