எல் மொகாம்போவா, பாரடீசோவா? ரோலிங் ஸ்டோன்ஸின் கிளப் கச்சேரிகளில் எதை முதலில் கேட்பது

பிரிட்டன் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் சிறந்த ஆல்பம் எது என்பதில்கூட ஓரளவு ஒத்துப்போய்விடுவார்கள். கிளப் கச்சேரி பேச்சு வந்தால் மட்டும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு 1977 மார்ச் 4, 5 தேதிகளில் டொராண்டோவின் எல் மொகாம்போவில் நடந்ததுதான் எல்லாம். இன்னொரு கட்சிக்கு 1995 மே 26, 27 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமின் பாரடீசோ. நான் வெகுகாலம் இரண்டாவது கட்சியில் இருந்தவன். 2022-இல் எல் மொகாம்போவின் முழுப் பதிவு வெளிவந்த பிறகு என் மனசு கொஞ்சம் ஆடிப்போனது, அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கிளப் ஏன் முக்கியம் என்றால், ஸ்டேடியத்தில் இந்த இசைக்குழு ஒரு திருவிழா. பெரிய திரை, வாணவேடிக்கை, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் பாடகர் மிக் ஜாகர். 2003 ஏப்ரலில் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் பார்த்ததும் அந்தத் திறந்தவெளி ஸ்டோன்ஸைத்தான். கிளப்பில் ஓட இடமில்லை. சார்லி வாட்ஸின் டிரம் ஸ்பீக்கர் வழியாக மட்டுமல்ல, நேராகவே காதில் விழும். கிட்டார் வாசிக்கும் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டால் அதுவும் விழும். வெறும் வாசிப்பை நம்பித்தான் அன்றைக்குக் கரையேற வேண்டும்.

எல் மொகாம்போவின் கதை யாரையும் மயக்கிவிடும், அதுதான் அதன் பலமும் சிக்கலும். பிப்ரவரி 27-ஆம் தேதி கீத்தை ஹெராயின் வழக்கில் போலீஸ் பிடித்திருந்தது, நிரூபணமானால் ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய வழக்கு. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜாமீனில் இருக்கும் மனிதர் ஸ்பாடைனா அவென்யூவில் சுமார் 300 பேர் கொள்ளும் கூடத்தில் கிட்டாரோடு நிற்கிறார். வந்தவர்களில் பலர் ஒரு வானொலிப் போட்டியில் ஜெயித்து, ஏப்ரல் வைன் என்ற கனடா இசைக்குழுவைக் கேட்க வந்தவர்கள். முதலில் வாசிக்கப்போவது காக்ரோச்சஸ் என்ற குழு என்று அறிவித்திருந்தார்கள். அந்தக் கரப்பான்பூச்சிகள்தான் ஸ்டோன்ஸ். போதாததற்குக் கனடா பிரதமரின் மனைவி மார்கரெட் ட்ரூடோ வேறு ஆஜர். செய்தித்தாள்களுக்கு வேறென்ன வேண்டும்? இசை பின்னுக்குப் போய்விட்டது. அதே வருடம் வந்த நேரடி ஆல்பமான 'லவ் யூ லைவ்'-இல் இந்தக் கச்சேரியிலிருந்து நாலே பாட்டுத்தான் சேர்த்தார்கள், இசைத்தட்டின் ஒரு பக்கம், அவ்வளவுதான். மிச்சத்தைப் பற்றி 45 வருடம் ரசிகர்கள் கதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், கள்ளப் பதிவு வைத்திருந்தவர்கள் நீங்கலாக.

பாரடீசோவுக்கு அப்படி ஒரு கதை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் தேவாலயமாகக் கட்டிய கூடம், 1968-இலிருந்து இளைஞர்களின் இசைக்கூடம். உலகம் முழுக்க ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றிக்கொண்டிருந்த வருடத்தில், ஒலிப்பதிவுக்காகவே சின்ன இடங்களில் சில கச்சேரிகள் வைத்தார்கள், அதில் முதலாவது இது. சிலது 'ஸ்ட்ரிப்டு' ஆல்பத்தில் அப்போதே வந்தன, மீதி 2016-இல் விரிவான தொகுப்பில் வந்தது. வழக்கு இல்லை, வம்பு இல்லை. ஆனால் வந்தவர்கள் யாரைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்து வந்தவர்கள், அது பதிவில் நன்றாகவே கேட்கிறது. டொராண்டோ கூட்டம் வியப்பில் கத்துகிறது, ஆம்ஸ்டர்டாம் கூட்டம் கூடவே பாடுகிறது.

சரி, ஒரே பாட்டை வைத்துப் பார்த்துவிடலாம். 'ஆல் டவுன் த லைன்' இரண்டு இடத்திலும் உண்டு. 1972-இல் வெளியான மூலப் பதிவில் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் முட்டி மோதும். எல் மொகாம்போவில் ஊதுகருவி ஒன்றுகூட இல்லை, அந்த இடத்தையெல்லாம் ரோனி வுட்டின் ஸ்லைடு கிட்டார் நிரப்புகிறது. அவர் குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, தன்னை நிரூபிக்கவேண்டிய வேகம் அப்படியே தெரிகிறது. கீழே பில் வைமனின் பேஸ். தனியாக எதுவும் செய்வதுபோல் இருக்காது, ஆனால் பாட்டு முழுக்க அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பாரடீசோவில் வைமன் இல்லை, டாரில் ஜோன்ஸ் வந்துவிட்டார். பாபி கீஸ் சாக்ஸோடு நிற்கிறார். பாட்டு இன்னும் நேர்த்தி, இன்னும் நிறைவு, ஆனால் டொராண்டோவில் இருந்த அந்த இப்பவே உடைந்துவிடுமோ என்ற பதைப்பு இல்லை. இந்த ஒரு பாட்டில் எல் மொகாம்போவுக்குத்தான் என் ஓட்டு.

அமெரிக்க ப்ளூஸ் இசைப் பாடகர் மடி வாட்டர்ஸ் வழியாக வந்த 'மானிஷ் பாய்' இருக்கிறதே, அதுவும் டொராண்டோ பக்கம்தான் தராசைச் சாய்க்கிறது. குழுவின் பெயரே அவர் பாட்டிலிருந்து எடுத்தது. ஜாகரும் கீத்தும் 33 வயதில், அத்தனை பெரிய பெயர் வாங்கிய பிறகு, லண்டன் கிளப்களில் பொடியன்களாக வாசித்த ப்ளூஸுக்கே திரும்பிப் போகிறார்கள். அதில் நடிப்பு இல்லை. முதல் நாள் வாசித்த 'வொரீட் அபௌட் யூ' ஆல்பத்தில் வந்தது 1981-இல்தான், அந்த 300 பேருக்கு அது நாலு வருடம் முன்னாலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் குறையும் இருக்கிறது. வேகமான பாட்டுகளில் ஜாகர் பாடுவதைவிடக் கத்துவது அதிகம், வார்த்தைகளைக் கடித்துத் துப்புகிறார். பில்லி பிரெஸ்டனின் கீபோர்டு அருமைதான், சில பாட்டில் அதுவே கிட்டார்களை மறைத்துவிடுகிறது.

பாரடீசோவில் ஜாகர் பாடுகிறார். 51 வயதில் குரலை இறக்கி, சொல்லுக்குச் சொல் நிதானமாகப் பாடுகிறார். 'ஷைன் எ லைட்' அந்தப் பழைய தேவாலயக் கூரையின் கீழ் எழும்பும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' என்ற பாட்டை 1968-இல் கீத் அகூஸ்டிக் கிட்டாரில் வாசித்து, ஒரு கேசட் ரெக்கார்டர் தாங்கமுடியாமல் கரகரக்கும் அளவுக்குப் பதிவு செய்தார். ஸ்டேடியத்தில் அதை எலெக்ட்ரிக்கில் கேட்டுப் பழகியவர்களுக்கு, பாரடீசோ அந்தப் பாட்டின் எலும்பை எடுத்துக் காட்டியது. கீத் எது, ரோனி எது என்று இரண்டு கிட்டார்களையும் பிரித்துக் கேட்க முடிகிறது. கீத்தே இந்த இரண்டு நாளைத்தான் தாங்கள் நேரடியாக வாசித்ததில் சிறந்தது என்றார் என்பதை பாரடீசோ கட்சியினர் விடாமல் சொல்வார்கள். நான் அதை வைத்து வாதாடமாட்டேன், கேட்டாலே தெரிகிறது.

மூன்றாவதாக 2015 மே 20, ஹாலிவுட்டின் ஃபோண்டா தியேட்டர். 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் ஒரே இரவில் வாசித்தார்கள், வரிசையை மாற்றி. 'மூன்லைட் மைல்' ஒன்றுக்காகவே கேட்கலாம். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் இறந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம், அவருக்காக ஒரு பாட்டும் வாசித்தார்கள். ஜாகருக்கும் கீத்துக்கும் 71 வயது, சார்லிக்கு 73. அந்த வயதுக்கு வியப்புதான், ஆனால் முதல் இரண்டுக்கும் பக்கத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, கொஞ்சம் ஒத்திகை வாசனை அடிக்கிறது. 2023 அக்டோபரில் நியூயார்க்கின் ராக்கெட் கிளப்பில் நடந்தது ஏழே பாட்டு, அதுவும் சார்லி இல்லாமல். அவர் 2021-இல் போய்விட்டார். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க என்னால் முடியவில்லை.

ஸ்டோன்ஸை முன்பின் கேட்டிராத நண்பருக்கு நான் கொடுப்பது பாரடீசோ. பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டவை என்று அதில்தான் புரியும். ஏற்கெனவே நூறு முறை கேட்டவருக்கு எல் மொகாம்போ, மார்ச் 5-ஆம் தேதிக் கச்சேரியை முதலிலிருந்து, நடுவில் நிறுத்தாமல். 'ரிப் திஸ் ஜாயிண்ட்' வரும்போது ஒலியைக் கூட்டிவிட்டு, மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு சார்லியை மட்டும் கேளுங்கள்.