முள் நடுவிலேயே நின்றது: பழைய ஹைலக்ஸுக்கு எஞ்சின் மாற்ற நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என்னிடமுள்ள 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் வாகனத்தின் 3எல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அடுத்த தலைமுறையைச் சேர்ந்த 1கே.இசட்-டி.இ எஞ்சினைப் பூட்டித் தருவதாகச் சொல்லி, தென்பகுதியிலுள்ள ஒரு கராஜ் என்னிடம் 11 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வாங்கியது. அந்த எஞ்சின் ஐந்து கிழமைகூடத் தாங்கவில்லை. அது பழுதானதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பழுது என் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே டாஷ்போர்டுக்குப் பின்னால் செய்து வைத்திருந்த வேலையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கராஜின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை, இதே வேலையைச் செய்விக்க நினைப்பவர்கள் தங்கள் வாகனத்தில் தாங்களே பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு விரிவாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இலங்கையில் பழைய பிக்கப்புகளின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் என்னைப் போன்ற கமக்காரர்களுக்கு இருந்த ஒரே வழி, கையில் இருப்பதைத் திருத்தி ஓடுவதுதான். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றி இறக்கியே என்னுடைய ஹைலக்ஸ் நாலு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. ஒயில் குடிக்கத் தொடங்கியிருந்தது. பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். அந்த 3எல் எஞ்சினை அப்படியே பிரித்துச் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையிருந்திருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு இருந்த ஆசை தவறானதல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். 3எல் என்பது 2779 சீ.சீ. கொண்ட, டேர்போ இல்லாத எஞ்சின். 1கே.இசட்-டி.இ என்பது டேர்போ உள்ள 2982 சீ.சீ. எஞ்சின், அதன் இழுவை 3எல்லைப் போல ஒன்றரை மடங்கு. டொயோட்டாவின் சேர்ஃப், பிராடோ ஜீப்களில் வந்த இந்த எஞ்சினைப் பழைய ஹைலக்ஸுக்குள் இறக்குவது அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் பலர் செய்து பார்த்த வேலை. முறையாகச் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். ஆனால் இரண்டு எஞ்சின்களுக்கும் இடையிலுள்ள உண்மையான வித்தியாசம் வேகத்தில் இல்லை. 3எல் எஞ்சினின் டீசல் பம்ப் முழுக்க முழுக்கப் பொறிமுறையால் இயங்குவது. அதை உயிரோடு வைத்திருக்க டீசலைத் திறந்துவிடும் சொலனொயிட்டுக்குப் போகும் ஒற்றை வயர் போதும். 2022இல் டீசல் வரிசைகளில் கிடந்த நாட்களில் அந்த எஞ்சின் எதையெல்லாம் குடித்து ஓடியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் அதன்மேல் இரக்கம் வருகிறது. கே.இசட் அப்படிப்பட்டதல்ல. எவ்வளவு டீசலை எந்த நேரத்தில் விடுவது என்பதை ஒரு கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது; அந்தப் பெட்டிக்கு அக்சிலேட்டர், தண்ணீர்ச் சூடு, காற்றழுத்தம், சுழற்சி வேகம் என்று பல சென்சர்களிலிருந்து சரியான செய்தி போக வேண்டும். ஆகவே கே.இசட் எஞ்சினை விற்பவர் இரும்பை மட்டும் விற்றால் பாதி எஞ்சினைத்தான் விற்கிறார்.

இதை அப்போது நான் அரைகுறையாகத்தான் அறிந்திருந்தேன். கராஜ் உரிமையாளரிடம் வயரிங்கைப் பற்றிக் கேட்டபோது, தமிழ் நன்றாகப் பேசும் அவருடைய ஆள் ஒருவர், “அண்ணை, யோசிக்காதேங்கோ, எஞ்சின், பெட்டி, வயர் எல்லாம் ஒரே வாகனத்திலிருந்து கழட்டின முழுச் செற், அப்படியே பூட்டித் தாறம்” என்றார். எஞ்சின் ஒரு சேர்ஃபிலிருந்து வந்தது என்றும், ஜப்பானில் 90 ஆயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது என்றும் சொன்னார். ஜப்பானில் ஓடிய கிலோமீற்றரை நிரூபிக்க ஒரு மீற்றர்ப் பெட்டியும் காட்டப்பட்டது. அது அந்த எஞ்சினோடு வந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய பழைய 3எல் எஞ்சினுக்கு 75 ஆயிரம் ரூபாய் கழித்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் “பாவித்த எஞ்சின் 1, பூட்டுக்கூலி உட்பட” என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. எஞ்சின் இலக்கம் எழுதப்படவில்லை. உத்தரவாதம் வாயால் சொன்ன ஆறு மாதம்.

வாகனத்தை எடுக்கப் போன நாளில் அது சத்தமில்லாமல் ஸ்ரார்ட் ஆனது, கராஜ் வாசலில் இருந்த சிறிய ஏற்றத்தில் துள்ளி ஏறியது; நான் மயங்கிப் போனேன். அன்றே என் கண்ணில் பட்ட ஒரு விடயத்தை மட்டும் இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில், இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த எஞ்சினில் நான் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஸ்ரார்ட் ஆவதற்கு முன்னரே, வெப்பநிலை முள் எழும்பி நடுவில் வந்து நின்றது. குளிர்ந்த எஞ்சினின் முள் கீழேதான் கிடக்க வேண்டும். ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களுக்குப் பிறகுதான் மெல்ல ஏற வேண்டும். “சூடே ஏறுவதில்லை, முள் அசையாமல் நிற்கிறது” என்று நான் வீட்டில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

ஐந்தாவது கிழமையில், தம்புள்ளையில் மரக்கறியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மதவாச்சியை நெருங்கும் இடத்தில் பொனற்றின் ஓரங்களால் ஆவி எழும்பியது. வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு முதலில் நான் பார்த்தது முள்ளைத்தான். அது நடுவிலேயே நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தபோது அதில் பால்தேநீர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தது; தண்ணீர் ஒயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். கே.இசட் எஞ்சினில் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் அலுமினியத்தால் ஆனது. கடுஞ்சூடு கண்டால் வால்வுகளுக்கு இடையே வெடிப்பு விழுவது அந்த எஞ்சினைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த பலவீனம். அதனால்தான் அந்த எஞ்சினுக்கு வேறு எதையும்விட வெப்பநிலை முள் உண்மை பேசுவது முக்கியம்.

வாகனத்தை ஏற்றி வந்து, எங்கள் ஊரில் மின்வேலை செய்யும் ஒருவரிடம் விட்டேன். அவர் எஞ்சினைத் தொடாமல் முதலில் மீற்றர்ப் பலகையைக் கழற்றினார். முள்ளுக்கு வரும் வயர் எஞ்சினுக்குப் போகவே இல்லை. அதன் முனையில், மிளகைவிடச் சற்றுப் பெரிதான ஒரு ரெசிஸ்டரை, அதாவது மின்தடையை, பற்ற வைத்து, மறுமுனையைத் தகரத்தில் முடிந்திருந்தார்கள். சாவி திரும்பியதும் முள் நடுவுக்கு வந்து நிற்பதற்கு அளவெடுத்துத் தேர்ந்த ரெசிஸ்டர் அது. பழைய மீற்றரும் புதிய சென்சரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது உண்மைதான். அதற்கு ஏற்ற சென்சரைத் தேடிப் போடுவதோ, தனியாக ஒரு மீற்றர் பூட்டுவதோ சில ஆயிரம் ரூபாய் வேலை. அதை மிச்சம்பிடிக்கச் செய்ததா, அல்லது சூடேறும் என்று தெரிந்தே செய்ததா என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்ததாக அவர் காட்டியதைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகமும் போய்விட்டது.

இந்த வகை டொயோட்டாக்களில், பொனற்றுக்குள் இருக்கும் பரிசோதனைப் பெட்டியில் டி.இ.1, இ.1 என்ற இரண்டு துளைகளை ஒரு சிறு வயரால் இணைத்தால், டாஷ்போர்டில் உள்ள எஞ்சின் விளக்கு மின்னி மின்னித் தன் குறையை இலக்கமாகச் சொல்லும். அவர் இணைத்தார், விளக்கு மின்னவில்லை. காரணம், எஞ்சின் விளக்கு என்று எனக்குக் காட்டப்பட்ட விளக்கைக் கணினிப் பெட்டியோடு இணைக்காமல், பற்றரி சார்ஜ் விளக்கின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாவியைத் திருப்பினால் எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கினால் அணையும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். வயரைச் சரியான இடத்தில் இணைத்ததும் விளக்கு விடாமல் மின்னத் தொடங்கியது. அதில் 22 என்ற இலக்கமும் இருந்தது. அது தண்ணீர்ச் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சரின் குறை. அதாவது எஞ்சின் எவ்வளவு சூடு என்பது எனக்கும் தெரியாது, அதன் கணினிக்கும் தெரியாது.

கணினிப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த இலக்கத்தையும் அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். டொயோட்டாவின் எஞ்சின் கணினிகளில் 89661 என்று தொடங்கும் இலக்கத்துக்கு அடுத்து வரும் தொகுதி எந்த வாகனக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். 35 என்று தொடங்கினால் ஹைலக்ஸ், சேர்ஃப் குடும்பம், 60 என்றால் லாண்ட் குரூசர், பிராடோ குடும்பம். சேர்ஃபிலிருந்து கழற்றிய முழுச் செற் என்று எனக்கு விற்ற எஞ்சினோடு வந்த பெட்டியில் 60 இருந்தது. ஒரே வாகனத்திலிருந்து எல்லாம் வந்தது என்ற கதை அந்த இரண்டு இலக்கங்களோடு முடிந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேர்போ எஞ்சின் வெளியிடும் சூட்டைத் தாங்க முடியாத பழைய 3எல் ரேடியேட்டரையே விட்டுவைத்திருந்தார்கள். எஞ்சின் முன்னால் நீண்டு வந்ததால் விசிறியைச் சுற்றியிருக்கும் கூட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். கூடு இல்லாத விசிறி ரேடியேட்டரினூடாகக் காற்றை இழுக்காமல், அங்கேயே சுழற்றிக்கொண்டு நிற்கும். ஓட்டோ கியர் வாகனத்து எஞ்சினாக இருந்தபடியால், கிராங்கின் முனையில் கியர்ப்பெட்டித் தண்டைத் தாங்கும் சிறிய பெயரிங் இருக்கவில்லை. அந்த இடத்தில் லேத்தில் கடைந்த ஒரு புஷ் சற்றே கோணலாக இருந்தது, ஆகவே என்னுடைய நல்ல கியர்ப்பெட்டியும் இரைச்சல் போடத் தொடங்கிவிட்டது.

கடதாசி விடயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தலையிடி. எஞ்சினை மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும், என் விடயத்தில் சீ.சீ. அளவும் மாற வேண்டும். அதற்கு மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில், எஞ்சின் எந்த வழியால் நாட்டுக்குள் வந்தது என்பதைக் காட்டும் ஆவணங்களைக் கொடுக்க வேண்டியிருக்கும். நான் கராஜில் சுங்கப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டபோது, அது எதற்கு, உங்கள் பழைய இலக்கத்தையே புதிய எஞ்சினில் அடித்துத் தருகிறோம் என்றார்கள். ஓர் உதவி செய்வது போன்ற குரலில்தான் சொன்னார்கள். அது குற்றம் என்பதும், விபத்து ஒன்று நடந்து காப்புறுதிக்காரர் பொனற்றைத் திறந்தால் நான்தான் மாட்டுவேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் மறுத்தேன். பத்திரம் அடுத்த கிழமை வரும் என்றார்கள்.

அந்த அடுத்த கிழமைதான் என்னைக் கெடுத்தது. எஞ்சின் பழுதான பிறகும் ஆள் அனுப்புகிறோம், உரிமையாளர் வெளிநாடு போயிருக்கிறார், வேறு ஹெட் ஒன்று வருகிறது என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் ஒரு கிழமை தள்ளிப் போனது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நான் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தபோது நாலாவது மாதம் தொடங்கியிருந்தது. இப்படியான வேலையில் பிணக்கு வந்தால், பேச்சுவார்த்தை நடக்கட்டும், ஆனால் முறைப்பாட்டை முதல் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் எஞ்சினின் இலக்கத்தை நீங்களே பிளாக்கில் பார்த்துப் படம் எடுத்து, அதே இலக்கம் பற்றுச்சீட்டிலும் சுங்கப் பத்திரத்தின் பிரதியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். எஞ்சினைப் பூட்டுவதற்கு முன்னரே நாலு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் உங்கள் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று சதுர சென்ரிமீற்றருக்கு 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வயரிங் முடிந்ததும் டி.இ.1, இ.1 துளைகளை இணைத்து விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள், பின்னர் ஒரு சென்சரின் பிளக்கைக் கழற்றி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பழைய எஞ்சினை மட்டும், புதியது குறைந்தது ஒரு போகம் ஓடும்வரை, எக்காரணம் கொண்டும் கழித்துக் கொடுக்காதீர்கள். என்னுடைய 3எல்லைத் திருப்பித் தாருங்கள், மற்றதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைசியாக நான் கேட்டபோது, அதை மூன்றாம் நாளே விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். வாங்கியவர் அதைப் பிரித்துச் செய்து, இன்றும் ஓடுகிறார் என்றும் சொன்னார்கள்.

ஹைலக்ஸ் இப்போது வீட்டு வளவில், ஹெட் இல்லாமல், தரப்பாளால் மூடிக் கிடக்கிறது. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் 35 இலக்கத்தோடு ஒரு கணினிப் பெட்டி கிடைத்திருக்கிறது. சுங்கப் பத்திரம் இன்னும் வரவில்லை.