மரம் வெட்டக் கொடுக்கும் ரொறன்ரோ ஸ்காபரோ ஆட்கள் கவனிக்க: "பெர்மிட்டும் சேர்த்துத்தான் விலை"

வீடு வீடாகக் கதவு தட்டி, நகரசபையின் அனுமதியும் (பெர்மிட்) எடுத்து மரம் வெட்டித் தருகிறோம் என்று வருபவர்களிடம் காசு கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் பின்வளவில் ஒரு பெரிய நோர்வே மேப்பிள் மரம், அதன் கிளை ஒன்று கூரைக்கு மேலேயே நிற்கிறது. 2022 மே மாதப் புயலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். வந்தவரும் தமிழர்தான். "அண்ணை, சிட்டி பெர்மிட்டும் சேர்த்துத்தான் இந்த விலை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். பில்லில் பெர்மிட்டுக்கென்று தனியாக ஒரு தொகை போட்டு, பாதிக் காசை முன்பணமாக வாங்கி, கொஞ்ச நாளில் நகரசபைச் சின்னம் போட்ட ஒரு கடதாசியையும் கொண்டுவந்து காட்டினார். அது பெர்மிட்டே இல்லை, இணையத்தில் கிடைக்கும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி பிரிண்ட் எடுத்தது, சிட்டிக்கு அனுப்பக்கூட இல்லை!

மேல் கிளைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் நகரசபையின் 311 இலக்கத்துக்குப் போன் அடித்துவிட்டார், இன்ஸ்பெக்டர் வந்து பெர்மிட்டைக் கேட்டார். மரம் வெட்ட வந்த நம்மாள் என் காதுக்குள் "நோய் பிடிச்ச மரம் எண்டு சொல்லுங்கோ" என்றுவிட்டு, ட்ரக்கில் இருக்கிறது எடுத்துவருகிறேன் என்று போனவர்தான். ட்ரக்கும் போய்விட்டது. இப்போது போனும் வேலை செய்யவில்லை.

சட்டம் இதுதான். ரொறன்ரோவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், மரம் உங்கள் சொந்த வளவில் நின்றாலும் பெர்மிட் வேண்டும். தையல் நாடாவைச் சுற்றிப் பாருங்கள், 94 செ.மீ. அளவில் வந்தாலே அந்தக் கணக்குத்தான். தெருவோரத்துச் சிட்டி மரத்துக்கும், பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கு ஓரங்களில் நிற்பவைக்கும் இந்த அளவுக் கணக்குக்கூடக் கிடையாது, சின்ன மரத்திலும் கை வைக்கமுடியாது. அபராதம் ஒரு மரத்துக்கு 500 டொலரிலிருந்து 100,000 டொலர் வரை, அது வெட்டினவருக்கு மட்டும் வருவதில்லை, வீட்டுக்காரரையும் பிடிக்கும். பட்டுப்போன மரம், இப்பவே விழப்போகிற மரம் என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதைச் சிட்டிக்குப் படத்தோடு காட்டவேண்டும், வாயால் சொன்னால் போதாது.

இதைவிடப் பெரிய தலையிடி எல்லை. அடிமரம் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் நிற்கிறது. "மரம் வேலிக்கு உங்கட பக்கம்தானே" என்று அந்த ஆள் சொன்னதற்கு அர்த்தமே இல்லை, வேலி எங்கே நின்றாலும் ஒன்ராறியோ வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி எல்லையில் நிற்கும் மரம் இரண்டு பேருக்கும் சொந்தம், மற்றவர் சம்மதம் இல்லாமல் வெட்டுவதே குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் 311-க்கு அடித்ததில் எனக்குக் கோபமும் இல்லை, ஆனால் இப்போது முகம் பார்த்துக் கதைக்கிறார் இல்லை.

ஆகவே ஆள் காட்டும் கடதாசியை விடுங்கள், நீங்களே 311-க்கு அழைத்து உங்கள் முகவரிக்கு பெர்மிட் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்) என்றால் அந்தத் துறையின் சர்வதேசச் சங்கமான ஐ.எஸ்.ஏ.யின் சான்றிதழ் இலக்கம், வேலையாட்களுக்கு ஒன்ராறியோ வேலையிட விபத்துக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் கடிதம், இரண்டையும் வாங்கிச் சரிபாருங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

இப்போது பாதி வெட்டின மரம் அப்படியே நிற்கிறது, அதற்கு வேறொரு ஆர்பரிஸ்டிடம் அறிக்கை எழுதக் கொடுத்திருக்கிறோம். பில்லில் இருந்த கம்பனிப் பெயரில் பதிவே இல்லை. ட்ரக் வெள்ளை நிறம், பெயர் எதுவும் எழுதியிருக்காது.